பனிமலையில் தனியாகப் போகிறீர்களா? 'போதும், திரும்பு' என்று யார் சொல்வது?

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் மவுண்ட் வாஷிங்டன் சிகரத்தின் உயரம் வெறும் 1,917 மீட்டர். அதாவது, ஊட்டி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர் அந்தச் சிகரத்தின் உச்சியைவிட 300 மீட்டர் மேலே நிற்கிறார். ஆனால் அந்த மலையிலும், அது இருக்கும் பிரசிடென்ஷியல் மலைத்தொடரிலும் 1849-லிருந்து இதுவரை 150 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

உயரம் இல்லாத மலை ஏன் ஆளைக் கொல்கிறது? காற்று. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் இந்தத் தொடர், மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் குறுக்கே கட்டிய சுவர் மாதிரி. மேலேறும் காற்று நெருக்கப்பட்டு வேகம் எடுக்கிறது. போதாததற்குப் பல புயல்களின் பாதைகள் வந்து சேரும் இடமும் இதுதான். 1934 ஏப்ரல் 12-ம் தேதி உச்சியில் இருக்கும் வானிலை ஆய்வு மையம் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிவு செய்தது. 1996-ல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் அடித்த புயல் முறியடிக்கும்வரை உலக சாதனை அதுதான்.

பாஸ்டன் பக்கம் வேலைக்குப் போன நம்ம ஊர் ஆட்களுக்கு இந்த 'வொயிட் மவுன்டன்ஸ்' நல்ல பழக்கம். காரில் இரண்டு, மூன்று மணி நேரம். கோடையில் புளியோதரை கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போவார்கள். கொஞ்சம் பழகியதும் குளிர்காலத்தில் போகத் தோன்றும். அதற்கும் பழகியதும் சிலருக்குத் தனியாகப் போகத் தோன்றும். நானும் அந்த வழியில்தான் போனேன், மூன்று குளிர்காலம். அதனால் "தனியா போறது பைத்தியக்காரத்தனம்" என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் தனியாகப் போகிறவர்கள் எதை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து.

கூட ஆள் இருந்தால் கை கொடுப்பார், பை தூக்குவார், விழுந்தால் எழுப்புவார் என்றுதான் நினைக்கிறோம். அதெல்லாம் இரண்டாம்பட்சம். கூட வரும் ஆளின் முதல் வேலை, "போதும்டா, திரும்பிடலாம்" என்று சொல்வது. அந்த ஒரு வாய் நம்மோடு இல்லை என்பதுதான் தனிப் பயணத்தின் உண்மையான ஆபத்து.

2015 பிப்ரவரி 15

கேட் மட்ரோசோவா என்ற பெயரை அந்தப் பகுதியில் மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். வயது 32. ரஷ்யாவில் பிறந்து, நியூயார்க்கில் ஒரு பெரிய வங்கியில் டிரேடராக வேலை பார்த்தவர். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ, ஐரோப்பாவின் எல்ப்ரஸ் எல்லாம் ஏறியவர். அனுபவமில்லாதவர் என்று அவரை யாரும் தள்ளிவிட முடியாது.

2015 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன்பே கணவர் அவரை மலையடிவாரத்தில் இறக்கிவிட்டார். மேடிசன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், வாஷிங்டன் என நான்கு சிகரங்களை ஒரே நாளில் கடந்து மறுபக்கம் இறங்குவது திட்டம். தனியாக. பையில் ஜிபிஎஸ் கருவி, சாட்டிலைட் போன், ஆபத்தில் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் பீக்கன் எல்லாம் இருந்தன. பிற்பகலில் காற்று கடுமையாகும் என்று வானிலை ஆய்வு மையம் முன்கூட்டியே சொல்லியிருந்தது.

மேடிசனைத் தொட்டுவிட்டு ஆடம்ஸ் பக்கம் போனார். பிற்பகல் மூன்றரை மணி வாக்கில் அவருடைய பீக்கன் சிக்னல் வந்தது. சிக்னல் காட்டிய இடமோ மாறி மாறி வந்தது. அன்றிரவே மீட்புக் குழுக்கள் மேலே ஏறின. அந்தக் காற்றில் நிற்க முடியாமல் திரும்பின. அந்த வார இறுதியில் மவுண்ட் வாஷிங்டன் உச்சியில் காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது. மறுநாள் மேடிசனுக்கும் ஆடம்ஸுக்கும் இடையே அவருடைய உடல் கிடைத்தது.

இதைப் பற்றி டை காக்னே என்பவர் 2017-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மலையில் எடுக்கும் முடிவுகள் எப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன என்பதைத்தான் அதில் அலசுகிறார். எனக்கு அந்தச் சம்பவத்தில் உறுத்துவது வேறொரு விஷயம். கருவி எல்லாமே இருந்தது. கருவி வேலையும் செய்தது. காலை ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ பக்கத்தில் நின்று வானத்தைக் காட்ட ஓர் ஆள் மட்டும் இல்லை. இருந்திருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கேள்வியாவது எழுந்திருக்கும்.

முதலில் குளிர்வது மூளை

கொஞ்சம் உடம்பு விஷயம் பேசலாம். ஏன்னா, குளிர் நம்மைக் கொல்லும் விதமே தனியாக இருப்பவருக்கு எதிரானது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹைப்போதெர்மியா. உடம்பு நடுங்கும், விரல் மரத்துப் போகும், ஜிப்பை இழுக்க முடியாது. அடுத்து கால் தடுமாறும், பேச்சு குழறும், கையில் இருப்பது நழுவும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். கூடவே யோசிக்கும் திறனும் குறைய ஆரம்பிக்கும். தான் உளறுகிறோம் என்பது உளறுகிறவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். "ஏன்டா இப்படிக் கொழகொழன்னு பேசுற, நில்லு" என்று அவர் சொல்லி, ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்தால் பல நேரம் அதோடு முடிந்துவிடும். முற்றிய நிலையில் சிலருக்கு உடம்பு கொதிப்பது போலத் தோன்றி, இருக்கிற துணியையும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். பனியில் இறந்து கிடந்த பலர் அரைகுறை ஆடையோடு இருந்ததற்குக் காரணம் இதுதான்.

காற்றின் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் மைனஸ் 20 காட்டுகிறது, காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால், உங்கள் முகம் உணரும் குளிர் ஏறக்குறைய மைனஸ் 36. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைய ஆரம்பிக்கலாம். வானிலை ஆப்பில் அடிவாரத்து ஊரின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இது புரிவதில்லை. மேலே போகப் போகக் குளிரும் கூடும், மரங்கள் முடிந்ததும் காற்றும் நேராக அறையும்.

இன்னொரு எதிரி, நம்புங்கள், வியர்வை. வேகமாக ஏறினால் மைனஸ் 10 டிகிரியிலும் முதுகு நனையும். நின்ற மறுநிமிடம் அந்த ஈரம் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கும். அதனால்தான் அங்கே யாரும் பருத்தி உடுத்துவதில்லை. நம்ம ஊர் வெயிலுக்குத் தெய்வமாக இருக்கும் காட்டன் பனியன், பனியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான உடுப்பு. பழகியவர்கள் சட்டை நனையாத வேகத்தில் மெதுவாக நடப்பார்கள். தனியாக இருக்கும்போது இந்த மெதுவும் கைகூடாது. பேச்சுத் துணை இல்லாததால் கால் தானாக வேகம் பிடிக்கும். என் அனுபவம் இது.

பனி மூடிய பாதை வேறு பாதை

குளிர்காலத்தில் போவதில் சுகம் இல்லாமல் இல்லை. கொசு கிடையாது, சேறு கிடையாது. கோடையில் காலை முறிக்கும் கல் பாதை பனியில் மெத்தையாகிவிடும். சத்தமே இருக்காது. இப்படி ஒரு அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஆனால் கணக்கு மாறும். புதுப்பனியில் ஸ்னோஷூ இல்லாமல் காலை வைத்தால் தொடைவரை இறங்கும். இழுத்து வெளியே எடுத்து அடுத்த அடி வைத்தால் அதுவும் இறங்கும். கூட்டமாகப் போனால் முன்னால் நடந்து தடம் போடுகிறவர் மாறி மாறி வருவார். தனியாகப் போனால் எல்லா அடியும் உங்கள் அடி. கோடையில் இரண்டு மணி நேரம் எடுத்த தூரம் நான்கு, ஐந்து மணி நேரம் ஆகலாம். டிசம்பரில் அங்கே மாலை நான்கே கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

ஸ்ப்ரூஸ் என்றொரு ஊசியிலை மரம். மரங்கள் முடியும் எல்லைக்குப் பக்கத்தில் அது குட்டையாக, நெருக்கமாக வளரும். பனி அதை முழுசாக மூடிவிடும். மேலே பார்த்தால் சமதளம், உள்ளே கிளைகளுக்கு நடுவே வெற்றிடம். தடத்திலிருந்து இரண்டடி விலகிக் கால் வைத்தால் இடுப்புவரை, சில சமயம் நெஞ்சுவரை உள்ளே போய்விடுவீர்கள். காலில் மாட்டிய ஸ்னோஷூ கீழே கிளையில் சிக்கிக்கொள்ளும். கூட ஆள் இருந்தால் அது சிரிப்பு, போட்டோ. தனியாக இருந்தால், மூச்சு வாங்க, வியர்வையில் நனைந்து, அரை மணி நேரம் நீங்களே உங்களைத் தோண்டி எடுக்க வேண்டும்.

பனிச்சரிவு எல்லாப் பாதையிலும் வராது. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்வான சரிவுகளில்தான் நடக்கும். மவுண்ட் வாஷிங்டனில் டக்கர்மன் பள்ளத்தாக்குப் பக்கம் அதற்குப் பேர்போனது. அதில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க எல்லோரும் உடம்பில் ஒரு டிரான்ஸ்சீவர் கட்டிக்கொள்வார்கள். உயிரோடு எடுக்கும் வாய்ப்பு முதல் 10, 15 நிமிடத்தில்தான் அதிகம். மீட்புக் குழு அதற்குள் வந்து சேராது. கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும். தனியாகப் போகிறவர் அதைக் கட்டிக்கொண்டால்? சிக்னல் போய்க்கொண்டே இருக்கும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது.

பட்டன் இருக்கே, அழுத்தினா போச்சு

இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கும் பதில் இது. ஐபோன் 14-லிருந்து சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி வந்துவிட்டது. நல்ல விஷயம், உயிர்களைக் காப்பாற்றுகிறது. எனக்கு அதில் மறுப்பே இல்லை. ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் ஆள் வந்து சேர்வதற்கும் நடுவே பல மணி நேரம் இருக்கிறது. அதைக் கடக்கத் தூங்கும் பை, அடியில் விரிக்க ஒரு ஃபோம் பாய், காற்றை மறைக்க ஒரு உறை, தடித்த ஜாக்கெட் வேண்டும். பட்டன் இருக்கிறதே என்ற தைரியத்தில் எடை குறைய வீட்டில் விட்டுவிட்டு வருவது இவற்றைத்தான்.

போன் வேறு குளிரில் படுத்துவிடும். 60 சதவீதம் காட்டிய பேட்டரி திடீரென்று அணைந்துவிடும். வெளிப் பாக்கெட்டில் வைக்காமல் உள்சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வையுங்கள். மேப்பை முன்னாலேயே டவுன்லோட் செய்துவிட்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள். தடித்த கையுறையோடு டச்ஸ்கிரீன் வேலை செய்யாது. கையுறையைக் கழற்றினால் விரல் வேலை செய்யாது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும் என்பதும் இந்த வகைப் பாடம்தான். தண்ணீர் மேலிருந்து உறையும், தலைகீழாக வைத்தால் மூடி அடைக்காது.

நம்ம நாட்டுக்கு ஒரு எச்சரிக்கை. கேதார்காந்தா போன்ற இமயமலைப் பனிப் பாதைகளுக்குப் போகிறவர்கள், அமெரிக்காவில் வாங்கிய சாட்டிலைட் மெசஞ்சரைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ அதுபோன்ற கருவியோ வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. அமெரிக்கர் நம்பும் அந்தப் பட்டன் இங்கே பலருக்குக் கிடையவே கிடையாது.

வருகிறவரும் மனிதர்தான்

"என் உயிர், என் ரிஸ்க்" என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். மலையில் அது பாதிதான் உண்மை.

1982 ஜனவரியில் ஹ்யூ ஹெர் என்ற 17 வயதுப் பையனும் அவனுடைய நண்பனும் மவுண்ட் வாஷிங்டனில் பனிப்பாறை ஏறப் போய், பனிப்புயலில் வழி தவறினார்கள். அவர்கள் தனியாகப் போகவில்லை, இரண்டு பேர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர்களைத் தேடப் போன தன்னார்வ மீட்பாளர் ஆல்பர்ட் டவ் பனிச்சரிவில் சிக்கி இறந்தார். வயது 28. காணாமல்போன இருவரும் உயிரோடு கிடைத்தார்கள். உறைந்துபோன ஹெரின் இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஹெர் பின்னாளில் எம்ஐடி பேராசிரியராகி, செயற்கைக் கால் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றார். பெரிய சாதனைதான். ஆல்பர்ட் டவ் வீட்டுக்குத் திரும்பவில்லை என்பதும் அதே கதையில் இருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரில் தேடுதல் வேலை மாநில மீன்வள, வனவிலங்குத் துறையின் பொறுப்பு. கூட ஏறுகிறவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். அலட்சியமாகப் போய் மாட்டிக்கொண்டவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. 2009-ல் தனியாகப் போய், கணுக்கால் சுளுக்கி, மூன்று இரவு மலையில் கழித்து உயிர் தப்பிய 17 வயது மாணவருக்கு 25,000 டாலருக்கு மேல் பில் போனது. ஆண்டுக்கு 25 டாலர் கட்டி 'ஹைக் சேஃப்' அட்டை வாங்கினால் இந்தச் செலவிலிருந்து பெரும்பாலும் தப்பலாம். ஆனால் வேண்டுமென்றே ஆபத்தில் இறங்கினால் அட்டையும் காப்பாற்றாது. பில் அனுப்புவது சரியா என்பதில் எனக்கு இன்னும் தடுமாற்றம்தான். பில்லுக்குப் பயந்து தாமதமாகக் கூப்பிடுகிறவர்தான் மீட்பவருக்கும் பெரிய ஆபத்து.

அப்படியானால் தடை போட்டுவிடலாமா? பனி எச்சரிக்கை வந்தால் இமாச்சலத்தின் காங்ரா மாவட்ட நிர்வாகம் மலையேற்றத்துக்குத் தடை விதிப்பது உண்டு. எச்சரிக்கை நாளில் அது நியாயம். ஆண்டு முழுக்கத் தனி ஆளுக்குத் தடை என்பது எனக்கு ஒப்பவில்லை. அனுபவமில்லாத எட்டுப் பேர் கூட்டமும் மலையில் ஆபத்தானதுதான். அங்கே ஒவ்வொருவரும் இன்னொருவர் திரும்பச் சொல்லட்டும் என்று காத்திருப்பார்கள்.

தனியாகப் போகிறவர் செய்ய வேண்டியது, அந்த 'திரும்பு' என்ற சொல்லை முந்தைய நாள் இரவே, சூடான அறையில், மூளை சரியாக இருக்கும்போது எழுதி வைப்பது. இத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்புவேன். காற்று இத்தனை வேகம் என்று வானிலை சொன்னால் மரங்களைத் தாண்டிப் போக மாட்டேன். இதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம், எந்தப் பாதை, எங்கே கார் நிற்கும், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்பதோடு சேர்த்துக் கொடுப்பது. அந்த ஆள் உங்களைக் கண்டு பயப்படாதவராக இருக்க வேண்டும். "பார்த்துப் போங்க" என்று மட்டும் சொல்கிறவர் இதற்கு ஆகமாட்டார்.

எனக்கு அப்படி ஒருவன், நாஷுவாவில் இருக்கும் கல்லூரி நண்பன். ஒரு பிப்ரவரியில் மவுண்ட் லஃபாயெட்டுக்குத் தனியாகக் கிளம்பினேன். 48 சிகரங்களையும் குளிர்காலத்தில் முடிக்கும் பட்டியல் ஒன்று அங்கே பிரபலம். டிசம்பர் 21-க்கும் மார்ச் 20-க்கும் நடுவே ஏறினால்தான் கணக்கு. எனக்கும் அந்தப் பட்டியல் ஜுரம் பிடித்திருந்தது. மதியம் 12 மணிக்குத் திரும்புவதாக அவனிடம் எழுதிக் கொடுத்திருந்தேன். கிரீன்லீஃப் குடிலை அடைந்தபோது மணி 11:40. குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும் இடம், மரங்கள் அங்கேயே முடிந்துவிடும். எதிரே சிகரம் பளிச்சென்று தெரிந்தது. இன்னும் 1.8 கிலோமீட்டர். உச்சியிலிருந்து பனித்தூள் புகை மாதிரி ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

ஒற்றைக் கோடு சிக்னல் கிடைத்தது. "கிளைமேட் சூப்பரா இருக்குடா, இன்னும் ஒரு மணி நேரம்தான்" என்று அனுப்பினேன். பதில் வந்தது: "12-ன்னு நேத்து சொன்னது யாரு?" நான் ஏதேதோ டைப் செய்தேன், விரல் மரத்துப்போய் பாதி எழுத்து தப்பாக விழுந்தது. அவன் மறுபடி அனுப்பினான்: "நீ டைப் பண்றதே சரியில்ல. இறங்கு."

இறங்கினேன். அன்று எதுவும் நடக்கவில்லை. காற்று கூடவில்லை, மேகம் வரவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஷூவைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தபோது, என்னைத் தாண்டி மேலே போன இருவர் சிரித்தபடி இறங்கி வந்தார்கள். உச்சியில் அருமையான நாள், நீ ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். நண்பன் மேல் அன்றைக்கு வந்த கடுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அடுத்த முறையும் அவனிடம்தான் நேரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.